ஒரு ஆளுக்கு எத்தனை துப்பாக்கி? வேட்டைக்காரர்களும் விவசாயிகளும் பயந்தது ஏன்?

சத்தியமங்கலம்:

2019-ம் ஆண்டு டிசம்பர் மாதம். ஊரெல்லாம் உள்ளாட்சி தேர்தல் பேச்சு. எங்க பெரியப்பா வீட்டில் மட்டும் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தேர்தல் தேதி அறிவித்ததுமே தன்னுடைய ஒற்றைக்குழல் துப்பாக்கியை போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, ரசீதை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருந்தார். தோட்டத்தில் மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம். ராத்திரி ஆனால் காட்டுப்பன்றி கூட்டம் கூட்டமாக இறங்கும். ஒரு வெடி வானத்தைப் பார்த்து வெடித்தால் ஓடிவிடும். ஆனால் வெடிக்க துப்பாக்கி வீட்டில் இல்லை.

அந்த நேரம் பார்த்து டீக்கடையில் யாரோ பேப்பரை படித்துவிட்டு, "இனிமே ஒரு ஆளுக்கு ஒரு துப்பாக்கிதானாம். டெல்லியில சட்டம் வருதாம்" என்று சொல்லிவிட்டார்கள். பெரியப்பாவுக்கு தூக்கிவாரிப் போட்டது. "நம்மகிட்ட இருக்கறதே ஒண்ணுதானுங்களே... அதையும் புடுங்கிக்குவாங்களா?" என்று என்னிடம் கேட்டார். பத்திரிகையில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவருடைய நினைப்பு. உண்மையில் எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு பிறகுதான் சட்டத்தை தேடிப் படித்தேன்.

இன்றைக்கும் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களும், பரம்பரை வேட்டை சமூகத்தினரும் இதே கேள்வியை கேட்கிறார்கள். அதனால் அந்த மசோதாவில் என்ன இருந்தது, யார் யார் எதற்கு பயந்தார்கள், கடைசியில் என்ன ஆனது என்பதை விளக்கமாக பார்க்கலாம்.

மசோதா சொன்னது என்ன?

இந்தியாவில் துப்பாக்கி விவகாரம் எல்லாமே 1959-ம் ஆண்டு ஆயுத சட்டத்தின் கீழ் வருகிறது. லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 1983-ல் செய்த திருத்தத்தின்படி ஒருவர் அதிகபட்சமாக 3 துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

2019 நவம்பர் 29-ந் தேதி மத்திய அரசு மக்களவையில் ஆயுத சட்ட திருத்த மசோதாவை தாக்கல் செய்தது. அதில்தான் அந்த அதிரடி மாற்றம். 3 துப்பாக்கி என்பதை ஒரே ஒரு துப்பாக்கியாக குறைக்க வேண்டும் என்று மசோதா சொன்னது. தாத்தா, அப்பா வழியாக பரம்பரையாக வந்த துப்பாக்கியும் இந்த கணக்கில்தான் சேரும்.

அரசு சொன்ன காரணத்தையும் சொல்லியாக வேண்டும். கள்ளத்துப்பாக்கிக்கும் குற்றங்களுக்கும் உள்ள தொடர்பு அதிகமாகிவிட்டது, ஆயுத கடத்தல் கும்பல்களுக்கு இருக்கிற தண்டனை போதாது என்பது அரசின் வாதம். வடமாநிலங்களில் கல்யாண ஊர்வலத்தில் துப்பாக்கியால் வானத்தை நோக்கி சுடுவது பெரிய பழக்கம். அதில் குண்டு பட்டு மாப்பிள்ளையே செத்த சம்பவங்கள் எல்லாம் உண்டு. அப்படி ஆபத்தாக சுட்டு கொண்டாடினால் 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து என்று மசோதாவில் புதிதாக சேர்த்தார்கள். அதை யாரும் தப்பு சொல்லவில்லை.

பிரச்சனை எங்கே வந்தது என்றால், கள்ளத்துப்பாக்கியை ஒழிக்க வந்த சட்டம் லைசென்ஸ் துப்பாக்கியை எண்ண ஆரம்பித்ததுதான். போலீசில் பதிவு செய்து, வருஷக்கணக்காக புதுப்பித்து, கூப்பிட்டபோதெல்லாம் கொண்டுபோய் காட்டுகிறவன் துப்பாக்கியை குறைத்தால் கடத்தல்காரன் துப்பாக்கி எப்படி குறையும்? இதுதான் எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி.

எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்?

2016 டிசம்பர் 31 நிலவரப்படி மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட கணக்கில், நாடு முழுவதும் 33 லட்சத்து 69 ஆயிரத்து 444 துப்பாக்கி லைசென்சுகள் இருந்தன. அதில் உத்தரபிரதேசத்தில் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரத்து 914. பக்கத்து மாநிலமான கர்நாடகாவில் ஒரு லட்சத்து 13 ஆயிரத்து 631. நம்ம தமிழ்நாட்டில் எவ்வளவு தெரியுமா? வெறும் 22 ஆயிரத்து 532.

உத்தரபிரதேசத்தில் இருக்கிற லைசென்சில் ஐம்பதில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. அதனால்தான் அந்த மசோதா வந்தபோது வடக்கே பெரிய சத்தம் கேட்டது, நம்ம பக்கம் டீக்கடையோடு நின்றுவிட்டது. ஆனால் சத்தம் வரவில்லை என்பதால் பாதிப்பு இல்லை என்று அர்த்தம் கிடையாது.

வேட்டையே கிடையாதே, அப்புறம் என்ன வேட்டைக்காரர்?

இந்த சந்தேகம் பல பேருக்கு வரும். நியாயமான சந்தேகம்தான்.

ஒரு காலத்தில் இந்தியாவில் வேட்டைக்கும் லைசென்ஸ் இருந்தது. 1972-ல் வன உயிரின பாதுகாப்பு சட்டம் வந்தபோதுகூட சிறு விலங்கு வேட்டை, பெரிய விலங்கு வேட்டை என்று தனித்தனியாக அனுமதி கொடுக்க வழி வைத்திருந்தார்கள். 1991-ல் வந்த திருத்தம் அந்த கதவை அடைத்துவிட்டது. பொழுதுபோக்குக்காகவோ, கறிக்காகவோ வன விலங்கை சுட்டால் இன்றைக்கு குற்றம். கடுமையான பாதுகாப்பு பட்டியலில் உள்ள விலங்கு என்றால் 3 ஆண்டில் இருந்து 7 ஆண்டு வரை ஜெயில்.

காக்கா, எலி, பழந்தின்னி வவ்வால் ஆகியவை முன்பு 'தீங்கு செய்யும் பிராணிகள்' என்ற தனி பட்டியலில் இருந்தன. அவற்றை பிடிக்கவோ கொல்லவோ தடை இல்லை. 2022-ல் செய்த திருத்தத்தில் அந்த பட்டியலையே எடுத்துவிட்டார்கள். அது 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. இனி எந்த விலங்கையாவது அப்படி அறிவிக்க வேண்டும் என்றால் மத்திய அரசு தனியாக உத்தரவு போட வேண்டும்.

ஆக, வேட்டை என்கிற தொழில் சட்டப்படி முடிந்துபோன கதை. ஆனால் வேட்டைக்காரர்கள் என்று ஊர் அழைக்கிற மக்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் துப்பாக்கியும் இருக்கிறது. குடகு நாட்டில் அது சாமி. நம்ம விவசாயிக்கு அது காவல்காரன். நரிக்குறவருக்கு அது குலத்தொழிலின் அடையாளம். மூன்று பேரின் பயமும் ஒன்றுபோல தெரிந்தாலும் ஒன்று கிடையாது.

குடகர்களின் பயம்

மைசூர் தாண்டிப் போனால் வருகிற குடகு மாவட்டத்துக்கு ஒரு தனி சலுகை உண்டு. குடகர் இனத்தவரும், 'ஜம்மா' என்ற பரம்பரை நில உரிமை வைத்திருப்பவர்களும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்க தேவையில்லை. விலக்கு சான்றிதழ் இருந்தால் போதும். இது வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து தொடர்ந்து வருகிற உரிமை. 1878-ல் ஆங்கிலேய அரசு ஆயுத சட்டம் கொண்டுவந்து இந்தியர்கள் கையில் இருந்த ஆயுதத்துக்கு கட்டுப்பாடு போட்டபோதுகூட குடகர்களை விட்டுவிட்டார்கள்.

அங்கே ஆண் குழந்தை பிறந்தால் வீட்டு வாசலில் ஒரு வெடி வெடிப்பார்கள். யாராவது இறந்துபோனால் இரண்டு வெடி. அந்த சத்தத்தை கேட்டுத்தான் அக்கம்பக்கத்து ஊருக்கு சேதி தெரியும். நடவு வேலை முடிந்ததும் செப்டம்பர் மாதத்தில் 'கைல்போள்து' என்ற ஆயுத திருவிழா. துப்பாக்கியை சுத்தம் செய்து, பொட்டு வைத்து, 'தோக் பூ' சூட்டி கும்பிடுவார்கள். தோக் என்றால் துப்பாக்கி. அந்த துப்பாக்கிப்பூ வேறு எதுவும் இல்லை, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான். அந்த காலத்தில் இந்த திருவிழா முடிந்த கையோடு வேட்டைக்கு கிளம்புவார்களாம். இப்போது வேட்டைக்கு பதிலாக தேங்காயை கட்டி வைத்து சுடுகிற போட்டி நடக்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் 'ஒரு ஆளுக்கு ஒரு துப்பாக்கி' என்றால் எப்படி இருக்கும்? கூட்டுக்குடும்பத்தில் தாத்தா வைத்திருந்தது, அப்பா வாங்கியது, மாமன் கொடுத்தது என்று மூன்று இருக்கும். எதை வைத்துக்கொள்வது, எதை போலீசில் கொடுப்பது? இன்றைக்கு எண்ணிக்கையில் கை வைத்தால் நாளைக்கு விலக்கிலும் கை வைப்பார்களோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

அந்த பயத்துக்கு காரணம் இல்லாமல் இல்லை. லைசென்ஸ் விலக்கையே எதிர்த்து கர்நாடக ஐகோர்ட்டில் வழக்கு இருந்தது. இனத்தை வைத்தும், நிலத்தை வைத்தும் சலுகை கொடுப்பது பாரபட்சம் என்பது வழக்கு போட்டவரின் வாதம். மத்திய அரசு 2019 அக்டோபரில் விலக்கை மேலும் 10 ஆண்டுக்கு, அதாவது 2029 வரை நீட்டித்தது. 2021 செப்டம்பரில் ஐகோர்ட்டும் அந்த விலக்கு செல்லும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. இப்போதைக்கு நிம்மதி. ஆனால் 2029-க்கு பிறகு என்ன என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

விவசாயியின் பயம்

இனி நம்ம பக்கம் வருவோம். சத்தியமங்கலம், தாளவாடி, பர்கூர், அந்தியூர் என்று மலையடிவாரத்தில் விவசாயம் செய்கிறவர்களுக்கு காட்டுப்பன்றி தொல்லை பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மக்காச்சோளம், நிலக்கடலை, மரவள்ளி எதையும் விட்டுவைக்காது. தின்பதைவிட மிதித்து நாசமாக்குவதுதான் அதிகம்.

ஆயுத சட்டத்தில் விவசாயிக்காகவே ஒரு பிரிவு இருப்பது பல பேருக்கு தெரியாது. உண்மையான பயிர் பாதுகாப்புக்காக ஒருவர் கேட்டால், குழலின் முன்பக்கமாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்று 13-வது பிரிவு சொல்கிறது. அந்த துப்பாக்கி போதாது என்று அதிகாரி நினைத்தால் தோட்டா போடுகிற துப்பாக்கிக்கும் அனுமதி கொடுக்கலாம். மனுதாரர் மேல் குற்ற வழக்கு போன்ற தடைகள் இருந்தால் மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மேல்முறையீடும் செய்யலாம்.

ஒரு கை கொடுப்பதை இன்னொரு கை தடுக்கிற கதையும் இங்கே உண்டு. வன உயிரின பாதுகாப்பு சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, சரணாலயத்தில் இருந்து 10 கிலோ மீட்டருக்குள் புதிய துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்றால் தலைமை வன உயிரின காப்பாளரின் முன் அனுமதி வேண்டும். ஏற்கனவே வைத்திருப்பவர்களும் வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். பன்றி தொல்லை அதிகம் இருப்பது எங்கே? அந்த 10 கிலோ மீட்டருக்குள்தான்!

அதோடு இந்த பக்கத்துக்கு என்று ஒரு பழைய வரலாறு இருக்கிறது. வீரப்பன் உயிரோடு இருந்த காலத்தில், மலையடிவாரத்தில் துப்பாக்கி என்ற வார்த்தையை சொன்னாலே சந்தேகமாக பார்ப்பார்கள். 2004 அக்டோபரில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டு இத்தனை வருஷம் ஆகியும் எங்க பெரியப்பா மாதிரி ஆட்கள் துப்பாக்கியை சாக்கில் சுற்றித்தான் எடுத்துப் போவார்கள். லைசென்ஸ் கையில் இருந்தாலும் பயம் போகவில்லை.

ஒன்றை தெளிவாக சொல்ல வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக விவசாயி பன்றியை சுட முடியாது. அது தனி சட்டம். பக்கத்தில் கேரளாவில் 2022-ல் இருந்து உள்ளாட்சி தலைவர்களுக்கே உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களை வைத்து பன்றியை சுட வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அறிவிப்புப்படி, காப்புக்காட்டில் இருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர்தான் சுடலாம். ஒன்றில் இருந்து 3 கிலோ மீட்டருக்குள் என்றால் பிடித்துக்கொண்டுபோய் காட்டில் விட வேண்டும். ஒரு கிலோ மீட்டருக்குள் சுடவும் கூடாது. விவசாயி கையில் துப்பாக்கி இருந்தால் வானத்தை பார்த்து சத்தம் எழுப்பலாம், அவ்வளவுதான்.

அதனால் விவசாயிகளின் பயம் மூன்றாவது துப்பாக்கியை பற்றியது கிடையாது. இங்கே யாரிடம் மூன்று இருக்கிறது? சட்டம் இறுக இறுக இருக்கிற ஒன்றையும் புதுப்பிக்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான் அவர்கள் கவலை.

நரிக்குறவர்களின் பயம்

பஸ் நிலையத்தில் ஊசி, பாசிமணி விற்கிற நரிக்குறவர்களை எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்கே குருவிக்காரர் என்று இன்னொரு பெயர் இருப்பதை பார்த்தாலே தொழில் என்ன என்று புரிந்துவிடும். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது கடலை விதைக்கிற சமயத்தில் தோளில் நாட்டுத்துப்பாக்கியோடு ஊருக்குள் வருவார்கள். காட்டில் எலியும் காடையும் தேடுவார்கள். விதைக்கடலையை தோண்டித் தின்கிற எலி ஒழிந்தால் போதும் என்று விவசாயிகளும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அந்த துப்பாக்கியில் தோட்டா கிடையாது. குழலுக்குள் கருமருந்தை போட்டு, துணியோ தேங்காய் நாரோ வைத்து அடைத்து, பால்ரஸ் குண்டை போட்டு கம்பியால் கெட்டிப்பார்கள். ஒரு தடவை சுட்டால் மறுபடி கெட்டிக்க நேரம் ஆகும். இதை வைத்துக்கொண்டு யாரும் வங்கி கொள்ளை அடிக்க முடியாது. ஆனால் சட்டத்தின் கண்ணில் இதுவும் துப்பாக்கிதான். உடைந்துபோய், பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் உள்ள பழங்கால துப்பாக்கிக்கு சட்டத்தில் விலக்கு உண்டு. எவ்வளவு பழசானாலும் அதை வைத்து சுட வேண்டும் என்றால் லைசென்ஸ் வேண்டும்.

இங்கேதான் 2019 சட்டத்தின் உண்மையான அடி இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் சாதாரண துப்பாக்கி வைத்திருந்தால் முன்பு ஒரு ஆண்டில் இருந்து 3 ஆண்டு வரை ஜெயில். இப்போது 2 ஆண்டில் இருந்து 5 ஆண்டு வரை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தாலோ விற்றாலோ முன்பு 3 முதல் 7 ஆண்டு. இப்போது குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் தண்டனை வரைகூட போகலாம். கடத்தல் கும்பலை நினைத்து எழுதிய தண்டனை, பட்டறையில் குழாயை வைத்து நாட்டுத்துப்பாக்கி செய்கிறவனுக்கும் அதேதான்.

நரிக்குறவர் மட்டும் இல்லை. ஜவ்வாதுமலை, கல்வராயன்மலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைக்கிராமங்களிலும் இதே கதைதான். நாட்டுத்துப்பாக்கிகளை தாங்களாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீசும் வனத்துறையும் அவ்வப்போது அறிவிப்பது வழக்கம். சிலர் ராத்திரியோடு ராத்திரியாக பொது இடத்தில் போட்டுவிட்டு போய்விடுவார்கள். சிலர் பயந்துகொண்டே பதுக்கி வைத்துக்கொள்வார்கள். மாட்டினால் முதல் பக்க செய்தி.

இரண்டு பக்கமும் பேச வேண்டும். நாட்டுத்துப்பாக்கி விளையாட்டு பொம்மை இல்லை. தவறி வெடித்து வேட்டைக்கு போனவரே செத்த செய்தியை நானே பல தடவை எழுதியிருக்கிறேன். மான், மயில் வேட்டையும் நடக்கத்தான் செய்கிறது. அதை தடுக்க வேண்டியது அரசின் கடமை. ஆனால் துப்பாக்கியை கொடுத்துவிட்டால் அடுத்த வேளைக்கு என்ன வழி என்பதற்கும் பதில் வேண்டும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தை பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வேட்டையை முழுசாக நிறுத்தச் சொன்னது 1991-ல். நடுவில் 31 வருஷம்.

கடைசியில் என்ன ஆனது?

மசோதா 2019 டிசம்பர் 9-ந் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. டிசம்பர் 13-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். ஆனால் வந்த மசோதா அப்படியே போகவில்லை. எதிர்ப்பு கிளம்பியதால் 'ஒன்று' என்பது 'இரண்டு' ஆனது.

இப்போது சட்டப்படி ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைக்க சொன்னார்கள். அந்த கெடு 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது. பரம்பரை வழியாக வந்தாலும் மொத்தம் இரண்டை தாண்டக்கூடாது. விளையாட்டு வீரர்களுக்கு தனி விதி. சர்வதேச அளவில் பதக்கம் வென்ற துப்பாக்கி சுடும் வீரர்கள் 12 வரை வைத்துக்கொள்ள 2020 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தார்கள்.

நல்லதும் ஒன்று நடந்தது. லைசென்ஸ் காலம் 3 ஆண்டில் இருந்து 5 ஆண்டு ஆனது. அலுவலகத்துக்கு அலையும் வேலை கொஞ்சம் குறைந்தது.

கூட்டி கழித்து பார்த்தால் ஒரு விஷயம் புரியும். இரண்டு, மூன்று துப்பாக்கி வைத்திருந்த வசதியானவர்களின் குரல் டெல்லிக்கு கேட்டது, ஒன்று இரண்டானது. குடகர்களுக்கு சங்கம் இருக்கிறது, கோர்ட்டில் வாதாட வக்கீல் இருக்கிறார், விலக்கு கிடைத்தது. ஒற்றை நாட்டுத்துப்பாக்கி வைத்திருந்தவனுக்காக யாரும் பேசவில்லை. அவனுக்கு தண்டனை மட்டும் கூடியது.

லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

பயப்படுவதைவிட விவரம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. லைசென்சில் தனி அடையாள எண் கட்டாயம் இருக்க வேண்டும். நாடு முழுவதும் உள்ள துப்பாக்கி லைசென்சுகளுக்கு என்று ஒரே கணினி பதிவேடு இருக்கிறது. அந்த எண் இல்லாத பழைய புத்தகத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

புதிதாக லைசென்ஸ் கேட்பவர்கள் 2016-ம் ஆண்டு விதிகளின்படி துப்பாக்கியை பாதுகாப்பாக கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ் கொடுக்க வேண்டும். வீட்டில் பத்திரமாக பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழியும் எழுதிக்கொடுக்க வேண்டும்.

பரம்பரை துப்பாக்கியை வாரிசு பெயருக்கு மாற்ற லைசென்ஸ்காரர் சாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 70 வயது ஆகிவிட்டாலோ, 25 வருஷமாக அந்த துப்பாக்கியை வைத்திருந்தாலோ மகனுக்கோ மகளுக்கோ மாற்றித்தர மனு கொடுக்கலாம். இது தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்பா இறந்தபிறகு, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வீட்டில் இருக்கிறது என்று மகன் மேல் வழக்கு வர வாய்ப்பு உண்டு. உடனே போலீசிலோ, துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு மனு போடுவதுதான் பாதுகாப்பு.

தேர்தல் நேரத்தில் எல்லோருமே துப்பாக்கியை ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று கண்மூடித்தனமாக விதி இல்லை. யார் யார் ஒப்படைக்க வேண்டும் என்பதை பரிசீலிக்க மாவட்ட அளவில் குழு இருக்கிறது. பயிர் பாதுகாப்பு, உயிர் பாதுகாப்பு காரணம் இருந்தால் அந்த குழுவிடம் எழுதிக்கொடுத்து விலக்கு கேட்கலாம். கொடுப்பார்களா என்பது அவர்கள் முடிவு. ஆனால் கேட்காமல் கிடைக்காது. ஒப்படைத்தால் ரசீது வாங்க மறக்கக்கூடாது.

பெரியப்பா துப்பாக்கி என்ன ஆனது?

தேர்தல் முடிந்து பொங்கல் கழித்து துப்பாக்கி திரும்பி வந்தது. குழல் உள்ளே லேசாக துரு. அதைவிட பெரிய நஷ்டம், ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளத்தில் முக்கால்வாசியை பன்றி முடித்துவிட்டிருந்தது. பெரியம்மா தகர டப்பாவை தட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க காவல் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

"உங்க துப்பாக்கிய யாரும் புடுங்கலீங்க பெரியப்பா, ரெண்டு வரைக்கும் வச்சுக்கலாமாம்" என்று நான் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "ரெண்டாவது யாருக்கு சாமி வேணும்? இருக்கற ஒண்ண வேண்டிய நேரத்துல கைல குடுத்தாங்கன்னா போதும்" என்றார்.

இப்போது அவருக்கு 70 தாண்டிவிட்டது. மகன் பெயருக்கு மாற்ற மனு கொடுத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரு அலுவலகத்தில் போலீஸ் அறிக்கை வரவில்லை என்றார்கள். வந்தபிறகு, வனத்துறை கடிதம் வேண்டும் என்கிறார்கள். பைல் மேஜை மாறிக்கொண்டே இருக்கிறது. துப்பாக்கி மறுபடியும் ரசீது போட்டு வியாபாரி கடையில் இருக்கிறது.

இந்த வருஷமும் மக்காச்சோளம்தான் போட்டிருக்கிறார்.